வாட்டர் என்றால் மிஸு

மொழிபெயர்ப்பைப் புகழ்ந்து பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே பாலம் கட்டுகிறீர்கள் என்பார்கள். சமீபத்தில் திருவொற்றியூரில் ஒரு கல்லூரிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, மாணவர்கள் முன்னால் நிற்க வைத்து, பொன்னாடை போர்த்தி, இதையேதான் சொன்னார்கள். பாலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் செய்கிற வேலையில் பாதி அருவருப்பான வேலை. அதிலும் மிக அருவருப்பான ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு ஆங்கில வார்த்தையை ஜப்பானிய மொழியில் எழுதிய கதை. வார்த்தை, வாட்டர். பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது.

நான் ஆங்கிலத்தை ஜப்பானிய மொழிக்கும், அதை மறுபடி ஆங்கிலத்துக்கும் மாற்றிச் சாப்பிடுகிறவன். பிறந்தது எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அப்பா போன பிறகு அண்ணன் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு வலையைப் பிடித்தார். என்னைப் படிக்க வைத்தது அவர்தான். டிப்ளமோ முடித்துவிட்டு, வியாசர்பாடியில் ஒரு வீட்டு மாடியில் நடந்த ஜப்பானிய வகுப்புக்குப் போனேன். அந்த நாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சுதான் காரணம். மொழியின் மேல் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. பிறகு மூன்று வருடம் அங்கே ஒரு கடலோர ஊரில், கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். திரும்பி வந்தபோது மொழி கைக்கு வந்திருந்தது. அதை வைத்தே பிழைக்கலாம் என்று ஆகிவிட்டது.

அங்கே போன முதல் குளிர்காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. விடுதிச் சமையலறையில் இருந்த அம்மாளிடம் போய், தெரிந்த இரண்டு வார்த்தைகளை ஒட்டி, சூடான மிஸு வேண்டும் என்றேன். மிஸு என்றால் தண்ணீர் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சூடான ஐஸ் கேட்டவனைப் பார்ப்பதுபோல அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மிஸு என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும்தானாம். சுட்டுவிட்டால் அது மிஸு கிடையாது. ஓயு என்று அதற்கு வேறு பேர். நம்மைப்போலத் தண்ணீருக்கு முன்னால் 'சுடு' என்று ஒட்டிச் சமாளிக்கிற வேலை அவர்களிடம் இல்லை. மிஸு என்று படிக்கிற ஜப்பானியர் மனதில் சூடு என்கிற எண்ணமே எழாது. இதை நான் அந்த ஊருக்குப் போன மூன்றாவது வாரத்தில் கற்றுக்கொண்டேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

இன்னொரு வார்த்தையும் அங்கே கற்றேன். அந்த ஊர்க் கடலோரத்திலும் ஒரு மின் நிலையம் இருந்தது. இயந்திரங்களைக் குளிர வைத்துவிட்டு வெளியே வரும் சூட்டுநீர் கடலில் விழும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேற்பார்வையாளர் தூண்டில் போடுவார். குளிரில் மீன்கள் அந்தச் சூட்டைத் தேடி வருமாம். அங்கே வேலியில் ஒரு பலகை தொங்கியது. ஒன்ஹைசுயி. அந்த நீருக்கென்றே உள்ள பெயர். தூண்டில்காரரும் மீன் விற்பவரும் சாதாரணமாகப் பேசுகிற வார்த்தைதான். மின் நிலையத்தின் பக்கத்தில் வலை போடுகிற ஒருவர் தண்ணீரைப் பற்றிக் குறை சொன்னால், இந்த நீர்தானே என்று அங்கே யாராக இருந்தாலும் கேட்பார்கள்.

இனி எங்கள் ஊர் விஷயம். ஒரு மின் நிலையத்தை விரிவாக்க ஜப்பானிலிருந்து இயந்திரங்கள் வருவதாக இருந்தது. எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கொன்றும் பஞ்சமில்லை, நிமிர்ந்தால் புகைபோக்கிதான். ஒப்புக்கொள்வதற்கு முன் ஜப்பான்காரர்கள் ஆள் அனுப்பி இடத்தைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய கேள்விகளில் ஒன்று இது: புதிய இயந்திரங்களின் சூட்டுநீரை இப்போதுபோல ஆற்றிலேயே விட்டுவிடுவதா, இல்லை குழாய் போட்டுக் கடலுக்குள் தூரமாகக் கொண்டுபோய் விடுவதா. கடல் வரை குழாய் என்றால் செலவு கூடும். ஆற்றில் அது விழும் இடம், எங்கள் குப்பத்தார் இறால் வலை கட்டும் இடம். என் அண்ணன் நிற்கும் இடம்.

அந்த ஆற்றைப் பற்றி அழகாக எழுத என்னால் முடியாது. அடியில் கை விட்டால் குழைத்த சிமெண்ட்போலச் சாம்பல் வரும். மேலே எண்ணெய் மினுங்கும். காற்று திரும்பினால் அழுகின முட்டை நாற்றம் தொண்டை வரைக்கும் இறங்கும். கடல் உள்வாங்கி ஆறு வற்றும் நேரத்தில், சூட்டுநீர் வந்து விழும் குழாய் வாய்க்குக் கீழே முட்டியளவுதான் நீர் இருக்கும். அதில் நீங்கள் காலை வைத்தால் உடனே எடுத்துவிடுவீர்கள். இறால் வலையோ வற்றும் நேரத்தில்தான் கட்டியாக வேண்டும், ஆகவே அண்ணன் அதில் நின்றுதான் கழி நடுவார். முழங்காலுக்குக் கீழே அவருக்குத் தோல் பட்டை பட்டையாக உரிந்து உள்ளே சிவந்திருக்கும். அண்ணி உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். மனம் தாங்காமல் திரும்பிக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை, எனக்குக் குமட்டும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்த கால்கள் அவை. இருந்தாலும் குமட்டும்.

ஜப்பானியரை அழைத்து வரும் பொறுப்பு தென்சென்னையில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு. அவர்கள்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். அங்கே எனக்கு மேலே இருந்த அதிகாரி நல்ல மனிதர், அதுதான் எரிச்சல். கத்த மாட்டார், காரில் முன் சீட்டை எனக்குக் கொடுப்பார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்பார். யாரிடம் கை குலுக்கினாலும் அடுத்த நிமிடம் பையிலிருந்து சானிடைசர் எடுத்துத் தடவிக்கொள்வார், அவ்வளவுதான். முதல் நாளே அவர் வேலை முறையை விளக்கினார். ஒப்பந்தத்தின் மொழி ஆங்கிலம். ஊர்க்காரர்கள் தமிழில் சொல்வதை அவர் ஆங்கிலத்தில் சொல்வார். அந்த ஆங்கிலத்தை நான் ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும். தமிழிலிருந்து நான் நேராக அந்தப் பக்கம் தாவக் கூடாது.

அது என் ஊர் என்று நான் சொன்னபோது அவர் என் தோளில் கை வைத்தார். அப்படியென்றால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், நாளைக்கு யாரும் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகச் சொல்லக் கூடாது பாருங்கள் என்றார். நான் தலையாட்டினேன். எங்கள் தொழிலில் ஆட்கள் கொஞ்சம். இவன் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறான் என்று ஓரிடத்தில் பேர் வந்தால் வேறு எங்கும் கூப்பிட மாட்டார்கள். பயம் இருந்தது நிஜம். ஆனால் பயத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

எங்கள் ஆற்றில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் எந்தக் குப்பத்தார் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். நம் பாடு இல்லாத நாளில் அங்கே கால் வைக்கக் கூடாது. தகராறு வந்தால் ஊர்க்கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் எதையும் அளப்பதில்லை, எழுதி வாங்குவதில்லை. தண்ணீரில் நின்றவன் எழுந்து, நடந்ததைச் சொல்வான். நின்றவன் சொன்னால் முடிந்தது. பொய் சொன்னது தெரிந்தால் அப்புறம் அவனோடு யாரும் வலை இழுக்க மாட்டார்கள், அதனால் பொய் சொல்வதில்லை. உலகம் முழுக்க விஷயங்கள் இப்படித்தான் முடிவாகின்றன என்று என் ஊர்க்காரர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எந்த நாள், எந்த நேரம் வரலாம் என்று ஊர்த் தலைவரைக் கேட்டுச் சொல்லும்படி அதிகாரி என்னிடம் விட்டார். நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். நாள், எங்கள் குப்பத்துப் பாடு வருகிற நாள், அதில் பேச்சில்லை. நேரம், வற்றும் நேரத்தைச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்போதுதானே சூடு தெரியும். ஊரில் கூடிப் பேசிவிட்டு அண்ணன் திரும்பக் கூப்பிட்டார். கடல் ஏறி ஆறு நிறைந்திருக்கும் நேரத்துக்கு வரச் சொன்னார்கள்.

"வத்தும்போது வந்தா சேத்துல எறங்கித்தான் நடக்கணும். வூட்டுக்கு வந்தவங்கள கலீஜ்ல நடக்க வுடலாமா? தண்ணி ஏறட்டும், போட்டுலயே குந்த வெச்சி இட்டுகினு போறோம்" என்றார்.

அப்போது தண்ணீர் சில்லென்று இருக்குமே என்றேன்.

"இருந்தா இன்னா? நான் சொல்லப் போறேன். நின்னவன் நானு. நீ அவங்க பாஷையில எட்த்து சொல்லப் போற. வேற இன்னா வேணும்?"

அவர்கள் தெர்மாமீட்டர் கொண்டு வருவார்கள், அது காட்டுவதைத்தான் நம்புவார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வற்றிய ஆற்றின் அந்தக் கரும்சேற்றையும், அதில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கும் என் மனிதர்களையும் ஜப்பானியர் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. மூன்று வருடம் அவர்கள் ஊரின் சுத்தத்தில் இருந்துவிட்டு வந்தவன் நான். என் சேறு எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது என் மேலேயே காறித் துப்பலாம்போல வருகிறது.

அன்று காலை குப்பத்துக்குப் போனபோது எனக்கு ஊரே அடையாளம் தெரியவில்லை. விடிந்ததிலிருந்து பெண்கள் கூரைகளிலும் ஷீட்டுகளிலும் படிந்த சாம்பலைத் தட்டி, கூட்டி, மூட்டையாகக் கட்டி எங்கேயோ ஒளித்துவிட்டார்கள். தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே துணிப்பந்தல், ஐஸ் பெட்டியில் கலர் சோடா. அண்ணி கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தார். விருந்தாளிகளின் படகு சிக்கிக்கொள்ளக் கூடாது என்று அன்று தங்கள் பாடாக இருந்தும் வலையே கட்டாமல் விட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எதைப் பார்க்க வேண்டுமோ, அதையெல்லாம் தங்கள் கையாலேயே துடைத்து வைத்திருந்தார்கள். அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்று என்னிடம் ஆச்சரியப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் புன்னகைத்தேன்.

வந்த ஜப்பானியர் இரண்டு பேர். தலை நரைத்த பொறியாளர் ஒருவர், குறிப்பெடுக்க ஓர் இளம்பெண். அவள் கோலத்தைக் குனிந்து படம் எடுத்தாள். படகில் நாங்கள் நால்வரும், முன்னால் அண்ணனும், பின்னால் எஞ்சின் பிடிக்க ஒருவரும். கடல் ஏறி வந்துகொண்டிருந்ததால் ஆறு கரையைத் தொட்டு நின்றது. சாம்பலும் சேறும் எல்லாம் அடியில் போய்விட்டன. வெயிலில் அந்த ஆறு பார்க்க நன்றாக இருந்தது என்பதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

குழாய் வாய்க்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார்கள். பொறியாளர் கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரை இறக்கினார். மூன்று இடத்தில் இறக்கினார். கடலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவளிடம் சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். அப்போது அண்ணன் எழுந்து நின்றார். ஊர்க்கூட்டத்தில் எழுவதுபோலத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"சார், இப்ப கடல் ஏறிகினு கீது, அதான் சில்லுனு கீது. வத்துனா இந்த எடம் முட்டித் தண்ணி. சுடுதண்ணி சார். நான் நின்னுகினுதான கீறேன், எனக்குத் தெரியாதா? காலு வெந்துபூது. எறா வெந்து மெதக்குது. இந்தக் கொழாய கடலுக்குக் கொண்டும்பூடுங்க. வேற ஒண்ணியும் நாங்க கேக்கல."

சொல்லிக்கொண்டே குனிந்து தன் கால்களைத் தொட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். என் கூடப் பிறந்தவர் என் தாய்மொழியில் சொன்னது, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் புரிவதற்காக, அதிகாரியின் வாய்க்குள் போய்விட்டு வர வேண்டியிருந்தது. அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். வாட்டர் இப்போது நன்றாகவே இருக்கிறதாம். வற்றும் காலங்களில் வாட்டர் பற்றி அவர்களுக்குச் சில கவலைகள் இருக்கின்றனவாம். அதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறாராம். அவ்வளவுதான். வெந்த காலும் மிதந்த இறாலும் கவலை என்ற ஒரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. ஆலோசனைக்காரர்களின் சொற்களில் எனக்கு மிகவும் அசிங்கமாகப் படுவது இந்தக் கவலைதான். எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு மூடிவிடலாம்.

மிஸு என்றேன். மிஸு இப்போது நன்றாக இருக்கிறது, வற்றும் காலங்களில் மிஸு பற்றிச் சில கவலைகள் உண்டு, கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறார். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. தொழில் சுத்தம்.

பொறியாளர் தலையசைத்தார். குடிநீர்தானே, கோடையில் பற்றாக்குறையா என்று கேட்டார். ஆற்றங்கரை ஊர்க்காரன் வற்றும் காலத்தில் மிஸு பற்றிக் கவலைப்பட்டால் வேறு என்னதான் நினைப்பார். நான் அதை ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ஆமாம், குடிநீர் இங்கே பெரிய பிரச்சினை, அதற்கு ஏதாவது செய்யலாம் என்று நாங்களும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். குடிநீர் அங்கே பிரச்சினைதான், பொய் இல்லை. லாரி வராத வாரங்கள் உண்டு. ஒரு பொய்கூடச் சொல்லாமல் எப்படி ஒருவன் வாயை அடைக்கலாம் என்பதை நான் அந்தப் படகில்தான் பார்த்தேன்.

"சொல்டியா?" என்று அண்ணன் கேட்டார்.

சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன். அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பொறியாளர் அவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அண்ணனும் பதிலுக்குக் கும்பிட்டார். கூட்டம் முடிந்தது, தீர்ப்பு நம் பக்கம் என்கிற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

ஜப்பானியர் ஊருக்குத் திரும்பிய பிறகு, சந்திப்பின் பதிவை அதிகாரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அதிலும் வாட்டர்தான். நானும் மிஸு என்று எழுதி அனுப்பினேன். அதோடு முடிந்திருந்தால் படகில் அவசரத்தில் நடந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அந்த இளம்பெண்ணிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பணிவான கடிதம். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், ஒரே ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்திருந்தாள். படகில் பேசிய மீனவர் பேசும்போது தன் கால்களைக் காட்டினார். அந்தத் தோலை நான் பார்த்தேன். பதிவில் மிஸு என்று இருக்கிறது. அவர் சொன்னது குடிநீரைத்தானா, இல்லை ஒன்ஹைசுயியா? குழாயை எங்கே கொண்டுபோவது என்ற முடிவுக்கு இது தேவைப்படுகிறது, தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள்.

எத்தனையோ மைல் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருத்தி, மொழி தெரியாமல், கால்களைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். நான் ஆம் என்று ஒரு சொல் எழுதினால் போதும். அண்ணனின் இடம் பிழைத்திருக்கும். பிழைத்திருக்காமலும் போயிருக்கலாம்; ஆனால் அவர் கேட்ட ஒரே விஷயம், கேட்க வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். போனதே தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். அறையில் எலுமிச்சை வாசனை ஸ்பிரே அடித்திருந்தார்கள், அது எனக்குத் தலையை வலிக்கச் செய்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். "மினிட்ஸ்ல வாட்டர்னுதானே இருக்கு? வாட்டருக்கு உங்க டிக்‌ஷ்னரில முதல்ல என்ன இருக்கோ, அதையே போடுங்க. நம்மளா எதையும் விளக்க வேண்டாம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு அகராதியில் முதலில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் இல்லை, அவள் கேட்பது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த மாதம் ஜப்பானில் ஒரு கூட்டம், அதற்கு உங்களைத்தான் அனுப்பலாம் என்று இருக்கிறேன் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே என் மேல் பிரியமாகத்தான் சொன்னார்.

என் மேசைக்கு வந்து ஒரு வரி எழுதினேன். பதிவில் உள்ளபடி, மிஸு. அனுப்பிவிட்டேன். அன்று மதியம் கேன்டீனில் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன், மறுசோறும் வாங்கினேன். நெஞ்சு அடைத்தது, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. நன்றாகவே இறங்கியது. அவளிடமிருந்து மாலையில் பதில் வந்தது. தெளிவுபடுத்தியதற்கு மிக்க நன்றி.

ஒரு வருடத்துக்குள் குப்பத்தில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தது. ஊர்க்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, நீலப் பெயின்ட், சுவரில் இரண்டு நாட்டுக் கொடிகள். திறப்பு விழாவில் மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார்கள். வாட்டர் பற்றிய உங்கள் கவலை எங்கள் காதில் விழுந்தது என்று அதிகாரி பேசினார். ஊரே கைதட்டியது. அண்ணனும் தட்டினார். பொறியாளர் முதல் டம்ளரைப் பிடித்து ஊர்த் தலைவர் கையில் கொடுத்தார். நல்ல தண்ணீர்தான், இன்றைக்கும் பெண்கள் அங்கேதான் பிடிக்கிறார்கள், அந்த இயந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இளம்பெண் வரவில்லை. வந்திருந்தால் நான் எங்கே பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை.

குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. புதிய இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தபோது பக்கத்தில் இன்னொன்றும் வந்தது. எங்கள் பாடு நாளிலும் இப்போது வற்றும் நேரத்தில் யாரும் இறங்குவதில்லை, இறங்கினாலும் எடுக்க ஒன்றும் இல்லை. அண்ணன் வேறொருவரின் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். கால் பரவாயில்லை, கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று அண்ணி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பிடிக்கும் என்று இறால் தொக்கு. அண்ணன் காலையில் காசிமேட்டு மீன் சந்தைக்குப் போய், வரிசையில் நின்று, இறால் வாங்கி வந்திருக்கிறார். ஆற்றிலிருந்து கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வந்த மனிதர். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ரொம்ப நாளாக மனதில் போட்டு வைத்திருந்ததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏன்டா, நான் அவ்ளோ தெளிவா சொன்னேன். நீயும் எட்த்து சொன்ன. அவுங்க இன்னாடானா குடிக்கற தண்ணி குட்த்துட்டுப் போய்க்கினாங்க. அவுங்க பாஷையில சுடுதண்ணிக்கு வார்த்தையே கெடையாதா?"

என் வாயில் இறால் இருந்தது. மென்று விழுங்கினேன்.

"கெடையாதுண்ணா" என்றேன்.

அவர் முகம் தெளிந்து, அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி அண்ணியிடம் சொன்னார்.

"பாத்தியா, நான் சொல்லல? இவன் மேல ஒரு தப்பும் கெடையாது. வார்த்தையே இல்லாத பாஷையில இவன் இன்னா பண்ணுவான், பாவம்."

அண்ணி வந்து சட்டியில் மீதமிருந்த தொக்கையும் என் தட்டில் வழித்துப் போட்டார். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.